தொட்டிக்கு ஏற்ற நட்சத்திரம்

"அக்கா, நட்சத்திர மீன் ஒண்ண வாங்கிப் போட்டா தொட்டி தானா சுத்தமாயிருமா?"

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாகர்கோவிலில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் இப்போது வரவேற்பறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அதைக் கழுவ மட்டும் வீட்டில் ஒருவருக்கும் மனம் கிடையாது. யாரோ சொல்லி, கடையில் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்கிறார்கள். நான் பல வருடம் வேலை பார்த்த கடல்மீன் காட்சியகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. நட்சத்திரம் தொட்டியைக் கழுவாது. மீன் தின்றது போக அடியில் விழுந்து கிடக்கும் தீனியைத் தின்னும். அது கிடந்து அழுகினால் தண்ணீர் கெட்டு மீன் சாகும், அதற்குத்தான் நத்தை, சிறு நண்டு, நட்சத்திரம் எல்லாம் போடுகிறோம். எந்த நட்சத்திரத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டுமானால், என் வேலையும் மானமும் சேர்ந்து போகப் பார்த்த ஒரு கார்த்திகை மாதத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் முட்டத்தில் பிறந்தவள். இராஜாக்கமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். பத்தாவது வரை படித்தும் தலையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் கடல்மீன் என்றாலே சனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வள்ளமும் போய், வியாபாரமும் போய் நின்றபோதுதான், கன்னியாகுமரியில் சுற்றுலா வருகிறவர்களுக்காக நாகர்கோவில் வியாபாரி ஒருவர் கடல்மீன் காட்சியகம் திறக்கிறார், மீனைத் தொட அருவருப்புப் படாத ஆள் வேண்டும் என்று எங்கள் பங்குக் கோயிலில் சொன்னார்கள். மீனைத் தொட எனக்கென்ன அருவருப்பு? போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி துடைக்கவும், தண்ணீரின் உப்பு அளக்கவும், குழாய் வைத்து அடிக்கழிவை உறிஞ்சவும் ஒரு வருடத்தில் பழகிவிட்டேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தங்கராஜ் சார். குலசேகரத்துக்காரர். அப்பா ரப்பர் பால் வெட்டியவர். சார் கல்ஃபில் ஏதோ ஒரு பெரிய கடைவளாகத்தில் இருந்த கடல்தொட்டியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். மலைக்காரர் வந்து கடற்கரைக்காரிக்குக் கடலைச் சொல்லித்தருவதா என்று ஆரம்பத்தில் எனக்குள் ஒரு நக்கல் உண்டு. நேராகவே ஒருநாள் கேட்டேன்.

"சார், ஒங்க ஊருல கடல் எந்தப் பக்கம் இரிக்கு?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நிக்கட்டு" என்றார்.

எதற்கெடுத்தாலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். மீன் மூச்சு வாங்குகிறது, மருந்து போடலாமா என்றால் "நிக்கட்டு". புது மீன் வந்திருக்கிறது, தொட்டியில் விடலாமா என்றால் "நிக்கட்டு". முதலாளி கத்தினாலும் "நிக்கட்டு சார்". பொறுத்துப் பார்ப்போம் என்று அர்த்தம். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைநுனியில் துடைத்துவிட்டு மாட்டினாரென்றால் எதையோ முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நட்சத்திர விஷயத்தில் அவர் பொறுமையை முதலில் பார்த்தது முட்டத்துக்காரர் ஒருவர் வாளி நிறையக் கொண்டுவந்த அன்று. எனக்குத் தூரத்து உறவு அவர். பாறை இடுக்கில் கைவிட்டுப் பிடித்த நட்சத்திரங்கள், ஒன்றும் சோடை இல்லை.

"நல்ல வெள்ளத்துல ரெண்டு தடவ அலசிக் கொண்டாந்திருக்கேன் சார். ஒரு துளி மண்ணு கெடையாது" என்றார் பெருமையாக.

கிணற்றுத் தண்ணீர். மீனை விற்கக் கொண்டுபோகிறவன் அலசித்தான் கொண்டுபோவான், அது எங்கள் ஊர் மரியாதை. நட்சத்திரத்துக்கோ நல்ல தண்ணீர் விஷம். சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளுத்து, கை கையாகக் கழன்று, குழம்பில் வெந்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டன. நானாக இருந்தால் அந்த மனுஷனை நாலு கேள்வி கேட்டிருப்பேன். சார் அவருடைய தோளில் கைவைத்து, "அடுத்த தடவ அழுக்காவே கொண்டு வாங்க மக்கா. கடல்ல எப்பிடி இருந்துதோ அப்பிடியே" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு, செத்த நட்சத்திரங்களைப் புதைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நேர்காணல் நடந்தது. என்னை வேலைக்கு எடுக்கும்போதுகூட சார் அவ்வளவு நேரம் விசாரிக்கவில்லை. முதலில் தண்ணீரோடு சேர்த்து மக்கில் மொண்டு தனிவாளிக்கு மாற்ற வேண்டும், காற்றுப் படத் தூக்கக்கூடாது. பிறகு மெதுவாகப் புரட்டி மல்லாக்கப் போட வேண்டும். போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல உயிருள்ளது ஒரு கையை மடக்கி, அடியிலிருக்கும் மயிர்போன்ற கால்களால் தரையைப் பிடித்து, பைய பையத் தானாகவே குப்புற விழும். அப்படியே கிடந்தால் அது தேறாது. கைநுனி வெளுத்திருக்கிறதா, மேலே சளி படிந்திருக்கிறதா, விரலை வைத்தால் ஒட்டிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகு மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் குழாயை எங்கள் தொட்டியிலிருந்து வாளிக்கு மாட்டி, சொட்டுச் சொட்டாக எங்கள் தண்ணீரை விடுவோம். வரிசையாக வாளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குளுக்கோஸ் குழாய். பார்த்தால் பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரியே இருக்கும். தண்ணீரின் உப்பு சிறிது மாறினாலும் இவை தாங்காது, அதனால் அவசரப்பட முடியாது. டிக்கெட் கொடுக்கும் சுபா எட்டிப் பார்த்து, "அக்கா, எந்த நோயாளி எப்பிடி இரிக்காரு?" என்று கேலி செய்வாள்.

நான் சொல்லவந்த வருடம், ஓணம் முடிந்து கடல் அடங்கியிருந்த நேரம். முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் கூட்டம் வரும், அதைத் தொட்டுக் கிறிஸ்துமஸ் வரும், ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். அந்த நேரத்தில் நடுக்கூடத்துப் பெரிய தொட்டியில் உயிருள்ள நட்சத்திரமாக விட்டால் எப்படி? யோசனை நல்ல யோசனைதான். கடைத்தெருவில் காகித நட்சத்திரம் எடுப்பதுபோல முதலாளி எடுக்க ஆரம்பித்ததில்தான் சிக்கல். பெரிசாக இருக்க வேண்டும், நிறமாக இருக்க வேண்டும், அஞ்சு மூலையும் எடுப்பாக இருக்க வேண்டும்.

சிவப்புக் குமிழ் வைத்த தடியன் ஒன்றைப் பார்த்து முதலாளி மயங்கிவிட்டார். கொள்ளை அழகு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது சிப்பியைத் தின்னும், கடற்பஞ்சைத் தின்னும், ஒட்டிக்கொண்டிருக்கும் கடற்பூவைத் தின்னும். ஏழெட்டுக் கை வைத்த ஒன்று வந்தது. அது மற்ற நட்சத்திரங்களையே தின்கிற சாதி. நீலத்தில் ஒன்று, பட்டுச்சேலை போல. அதற்குத் தொட்டியில் தின்னக் கிடைப்பது போதாமல் பட்டினி கிடந்து சில மாதத்தில் போய்விடும். சார் ஒவ்வொன்றாக "வேண்டாம்" என்று தள்ள, முதலாளியின் முகம் சுண்டிக்கொண்டே போனது. ஓரத்தில் சீப்புப் பல் வைத்ததுபோல இருக்கும் மணல் சலிக்கிற நட்சத்திரங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். எங்கள் தொட்டியில் மணல் அதிகம், அதற்குத் தீனி கிடைக்கும். வீட்டுத் தொட்டியில் அதையும் போடாதீர்கள், மணலில் உள்ள புழுபூச்சி தீர்ந்ததும் அது பட்டினிதான்.

சார் உள்ளபடியே விரும்பியது பாறைக்கடியில் கிடக்கும் மெல்லிசுக் கைக்காரர்களை. நடுவில் ஒரு சிறு வட்டம், அதிலிருந்து பாம்புக்குட்டி போல ஐந்து கைகள். பாம்புக்கை என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். நிறமும் கிடையாது, அழகும் கிடையாது, பகலெல்லாம் கல்லுக்கடியில் ஒளிந்து கிடக்கும். தீனி விழுந்த வாடை பட்டால் ஒரு கை மட்டும் வெளியே வந்து தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போகும். ஒருத்தரையும் தொந்தரவு செய்யாது.

"இது எதுக்கு சார்? ஆளு காசு குடுத்துக் கல்லையா பாப்பான்?" என்று முதலாளி கேட்டார்.

அந்த மனத்தாங்கலுக்கு மருந்துபோல வந்து சேர்ந்தது பச்சை நட்சத்திரம். கொச்சி ஏஜெண்டு மீன் அனுப்பிய பெட்டியில் இலவசமாகப் போட்டிருந்தார். பாம்புக்கை இனம்தான், ஆனால் பாசிப்பயறுப் பச்சை, ஒவ்வொரு கையும் என் பெருவிரல் தடிமன். முதலாளி குழந்தைமாதிரி குதித்தார். சார் அதை மல்லாக்கப் போட்டார், அது நொடியில் திரும்பியது. விரலைக் கொடுத்தார், பிடித்தது.

"கல்ஃபுல நாங்க இத வச்சிருந்தோம். தீனி குடுத்தா சாதுவாக்கும்" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பச்சை பாஸ் ஆனது.

அது சாதுவாகத்தான் இருந்தது. இடுக்கியில் இறால் துண்டைக் கொண்டுபோனால் மூலைப்பாறைக்கடியிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்ளும். எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

கார்த்திகை ஒன்றாம் தேதி முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். "இன்னயிலேந்து தை பெறக்கது வரைக்கும் உள்ள இறாலு, கணவா ஒண்ணும் வெட்டப்பிடாது. மாலை போட்டு வாற சாமிமாருக்க மூக்குல மீன்வாடை படலாமா? உலர்தீனி மட்டும் போடுங்க."

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை. நாங்கள் தவக்காலத்தில் இறைச்சி தொடாதவர்கள், விரதம் எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நாற்பத்தொரு நாள் விரதமும் பஜனையுமாக வருகிறவர்களுக்கு முன்னால் இறாலை உரித்துக்கொண்டு நிற்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்திருக்கும். அன்றே அரிவாள்மனையையும் பலகையையும் கழுவி உள்ளே வைத்தேன். உலர்தீனி நல்ல தீனிதான். மீன்கள் மேலே வந்து அடித்துப் பிடித்துத் தின்றன. ஒன்றும் அடியில் விழுவதில்லை. தண்ணீரும் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. எங்களுக்கு அதில் சந்தோஷம் வேறு.

கொஞ்ச நாளில் பெரிய தொட்டியில் நீலமீன் ஒன்று குறைந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பிறகு இன்னொன்று. செத்திருந்தால் எங்காவது கிடக்க வேண்டும், இல்லை. துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று நானும் சாரும் தரையில் முட்டிபோட்டுத் தேடினோம், வடிகட்டிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அதோடு போயிருந்தால் முதலாளி விட்டிருப்பார். சோடியாக நின்ற கோமாளிமீனில் ஒன்றைக் காணவில்லை என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள்.

அந்தத் தொட்டியின் மூடிச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதே சமயம் வடசேரியில் ஒரு தொட்டிக்கடையில் இதேபோல நீலமீன் விற்பதாக யாரோ முதலாளியிடம் ஊதிவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில் நான் உள்ளே வரும்போது முதலாளி டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுபா இருந்தாள், காவல்காரர் இருந்தார், வெளியே சாமிமார் வரிசை.

"லூர்தம்மா, சாவியக் கொண்டா" என்றார். கொடுத்தேன். "இனி அந்தத் தொட்டிக்குள்ள நீ கை விடப்பிடாது. மீன்காரிக்க கை மீனத் தேடித்தானே போவும்? எனக்க புத்திய சொல்லணும்."

சாவி கொடுத்த கையை நீட்டினபடியே நின்றேன்.

"மொதலாளி, நான் எடுத்தேன்னா சொல்லுதிய?"

"பின்ன நடந்தா போச்சு? திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். மீனு வந்தா வந்துது. இல்லேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்."

மீன் சுமந்து விற்ற காலத்தில் எவ்வளவோ பேச்சு கேட்டிருக்கிறேன். எடை குறைவு என்பார்கள், ஐஸ் மீன் என்பார்கள், திருப்பி நானும் நாலு கொடுப்பேன். இதற்குத் துடைப்பத்தைத்தான் எடுத்தேன். அன்று முழுக்க வாசலைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். வீட்டில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கோபக்காரர், துடுப்பைத் தூக்கிக்கொண்டு காட்சியகத்துக்குள் வந்துவிடுவார். சனிக்கிழமை விடிந்தபோது, ஸ்டேஷனில் போய் நின்றால் பங்கில் என்ன பேசுவார்கள், என் மகளுடைய மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

தங்கராஜ் சார் அந்த இரண்டு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இவரும் நம்பிவிட்டாரோ என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் பின்னால் இருக்கும் பம்ப் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு லூர்தம்மா. ஐப்பசியில நம்ம தொட்டியில இல்லாத்தது, கார்த்திகையில என்ன இரிக்கு?"

"ஒண்ணும் புதுசா இல்ல சார்."

"செரி. ஐப்பசியில இருந்து, இப்ப இல்லாத்தது?"

யோசித்தேன். "இறாலு" என்றேன். சொன்ன வாய் மூடுமுன்பே எனக்கும் பொறி தட்டிவிட்டது. "சார், அந்தப் பச்சைக்கு..."

"அதத்தான் ரெண்டு நாளா நானும் நெனச்சிட்டு நிக்கேன். பாக்காம சொல்லப்பிடாதுன்னுதான் ஒனக்கிட்ட மிண்டல."

அது இருட்டில்தான் வெளியே வரும். ராத்திரிவரை காத்திருக்க சாருக்கு மனமில்லை. வெளியே போய், சாமிமாருக்கு விற்கும் நடைபாதைக் கடையில் கறுப்பு வேட்டிகள் வாங்கிவந்தார். அடுத்த கடையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்கிற சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒரு தாள். விளக்கை அணைத்து, வேட்டிகளைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, 'வேலை நடக்கிறது' என்று அட்டை வைத்தோம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றினார். சிவப்பு வெளிச்சம் அதற்கு உறைக்காதாம். பொழுது சாய்கிறவரை தொட்டி அப்படியே இருட்டில் கிடந்தது. பிறகு போய் முதலாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"என்ன சார் இது, கூத்தா?"

"நிக்கட்டு சார். தலைய உள்ள விடுங்க."

கறுப்பு வேட்டிக்குள் மூன்று தலை. பழைய ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கிறவர்போல நாங்கள் குனிந்து நின்றோம். முதலாளியின் வேர்வை என் தோளில் சொட்டியது. சிவப்பு வெளிச்சத்தில் மூலைப்பாறை தெரிந்தது. அதற்கு முன்னால், வெட்டவெளி மணலில், பச்சை நின்றுகொண்டிருந்தது. படுத்துக் கிடக்கவில்லை. ஐந்து கைநுனியையும் தரையில் ஊன்றி, நடு உடம்பைத் தூக்கி, சின்னப் பந்தல்போல நின்றது. அடியில் நல்ல குகை. அசைவே கிடையாது.

நீலமீன் ஒன்று தூக்கக் கலக்கத்தில் ஒதுங்க இடம் தேடி வந்தது. பாறை இடுக்கைப் பார்த்தது. பந்தலைப் பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தது.

கைகள் ஐந்தும் ஒருசேர முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தன.

"ஐயோ, புடிச்சிட்டு! புடிச்சிட்டு!" என்று முதலாளி கத்தி, நெற்றியைக் கண்ணாடியில் டொம்மென்று முட்டினார். அந்த அதிர்ச்சியில் மீன் விலுக்கென்று உதறி, இரண்டு கைக்கு நடுவிலிருந்த இடைவெளியில் வெளியே பாய்ந்துவிட்டது. அந்த மீனைக் காப்பாற்றியது முதலாளியின் நெற்றிதான், அதில் சந்தேகமில்லை.

சார் வேட்டியை விலக்கி, விளக்கைப் போட்டு, மூலைப்பாறையை நகர்த்தி, உறிஞ்சுகுழாயை அடியில் வைத்து இழுத்தார். வெள்ளை மக்கில் அழுக்குத் தண்ணீரோடு வந்து விழுந்தவை பொடிப்பொடி முள்ளுகள். உடைந்த சீப்புப் பல் மாதிரி ஒரு முதுகெலும்பு. இந்தப் பிராணிக்குத் தின்ற வழிதான் துப்பும் வழியும், பின்னால் வேறு வாசல் கிடையாது. தின்றுவிட்டு முள்ளை வாயாலேயே துப்பி, தன் வீட்டுக்கடியில் சேர்த்து வைத்திருந்தது. முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டு மக்கையே பார்த்தார்.

"சார், நான் இத பாஸ் பண்ணும்போ தீனி குடுத்தா சாதுன்னு சொன்னேன். குடுக்கலேன்னா என்னவாக்கும்னு சொல்லல. இறால நிறுத்தச் சொன்னப்பவும் வாயத் தொறக்கல. தப்பு எனக்கதாக்கும்" என்றார் தங்கராஜ் சார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

சந்தோஷமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டேஷன் இல்லை, திங்கள்கிழமை இல்லை, நான் திருடி இல்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, மெதுவாக, "செரி லூர்தம்மா, போட்டும். மனசுல வச்சுக்காண்டாம்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பழைய நாக்கு திரும்பி வந்தது.

"மொதலாளி, சொன்னது எல்லாரும் நிக்கும்போ. இப்ப மட்டும் காதுல சொல்லுதியளே?"

அவர் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி டிக்கெட் ஜன்னலுக்கு நடந்தார், நான் பின்னாலேயே போனேன். சுபா, காவல்காரர், சேலத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய சாமிமார் ஒரு கூட்டம். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஏய், எல்லாரும் கேளுங்க. லூர்தம்மா மீனு எடுக்கல்ல. நட்சத்திரம் தின்னிருக்கு. நான் பேசுனது தப்பு."

நெற்றியில் எலுமிச்சம்பழம்போல வீங்கிய புடைப்போடு அவர் அதைச் சொன்ன தோரணையில் சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சாமிமாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களில் மூத்தவர், தாடி நரைத்த குருசாமி, என்னவென்று விசாரித்தார். சாமிமாருக்காக இறாலை நிறுத்தியதையும், அதனால் பச்சை பட்டினி கிடந்ததையும் நானே சொன்னேன்.

"எங்களுக்காகவா?" என்று திகைத்தார் குருசாமி. "ஏன் சாமி, விரதம் எங்களுக்குத்தானே? அதுக்கு யாரு மாலை போட்டது? பாவம், அதுக்குச் சாப்பாடு போடுங்க சாமி."

வரிசை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அந்தக் கூட்டம் உள்ளே போய் முதலில் கேட்டது கோமாளிமீனை இல்லை, மீன் தின்ற நட்சத்திரம் எது என்றுதான். முதலாளி வியாபாரி அல்லவா, மறுவாரமே பச்சையைத் தனித்தொட்டிக்கு மாற்றிப் பெரிய மீன்களோடு விட்டு, அதற்கென்று ஒரு பலகையும் மாட்டிவிட்டார். நான் வேலையை விடுகிறவரை அது அங்கே சுகமாக இருந்தது. காலை திறப்பதற்கு முன்பு பின்னறையில் இறாலை வெட்டி, நானேதான் இடுக்கியில் கொடுப்பேன்.

ஆகவே, போன் செய்கிறவர்களுக்கு: மெல்லிசுக் கை, மங்கல் நிறம், கல்லுக்கடியில் ஒளிகிற பாம்புக்கை வாங்குங்கள், போதும். மல்லாக்கப் போட்டுக் காத்திருந்து வாங்குங்கள். பச்சையில் தடித்த கை வைத்தது வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், சின்ன மீனுள்ள தொட்டியில் விடாதீர்கள். எதை விட்டாலும், அடியில் அதற்குத் தின்னக் கிடைக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

முதலாளி எல்லார் முன்னாலும் தப்பு என்று சொன்ன அன்று, ராத்திரி கூட்டம் குறைந்த பிறகு நான் துடைப்பத்தை எடுத்தேன். சார் அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முதலாளியிடம் வாங்கிவந்த மூடிச் சாவியை நீட்டினார்.

"கை கழுவிட்டு வா லூர்தம்மா. மூலைப்பாறைய நான் கோணலா வச்சிட்டேன்."

வளையலைக் கழற்றினேன். சோப்புப் போடாமல், வெறும் தண்ணீரில், கைமுட்டிக்கு மேலே வரை தேய்த்துக் கழுவினேன். மூடியைத் திறந்து பெரிய தொட்டிக்குள் கையை விட்டேன். குளிர்ந்த உப்புத்தண்ணீர் முழங்கைக்கு மேலே ஏறியது. பாறையை நேராக்கிய பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை. முதலாளியின் நெற்றியால் பிழைத்த நீலமீன் எங்கிருந்தோ வந்து, இது தன் இடம், நீ யார் என்று கேட்பதுபோல என் மணிக்கட்டில் கொத்தியது.

"கொத்து மக்கா, நல்லா கொத்து" என்றேன்.